ஆஷ்ஃபோர்டு கோட்டைக்கு உண்மையில் வயது என்ன?

அயர்லாந்தின் மேற்குப் பகுதியில், கொரிப் ஏரிக்கரையில் இருக்கும் ஆஷ்ஃபோர்டு கோட்டை ஹோட்டலில் குடும்பத்தோடு தங்க எண்ணியிருக்கும் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "1228இல் கட்டிய கோட்டை என்கிறார்கள். படங்களைப் பார்த்தால் அவ்வளவு பழையதாகத் தெரியவில்லை. இது உண்மையான கோட்டையா, பயணிகளுக்காகக் கட்டிய செட்டா? எப்படி ஹோட்டல் ஆனது?" கேள்வி வயதைப் பற்றியது போலத் தோன்றினாலும், அவருடைய உண்மையான ஐயம் வேறு என்று நினைக்கிறேன். இவ்வளவு பணம் கொடுத்துத் தங்கப்போகும் அந்தச் சுவர்கள் யாருடையவை, எந்தக் காலத்தவை என்பதே அவர் அறிய விரும்புவது. சுருக்கமான விடை இதுதான்: 1228 என்பது அந்த இடத்தின் ஆண்டு. கண்ணுக்குத் தெரியும் கட்டடத்தில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டில் கின்னஸ் குடும்பத்தின் பீர்ப் பணத்தில் எழுந்தது. அது இன்று நிற்பதற்குக் காரணம் 1939 முதல் அது ஹோட்டலாக இருப்பது. செட் என்று சொல்வது தவறு. எண்ணூறு ஆண்டுப் பழைய கோட்டை என்று சொல்வதும் பாதி உண்மைதான்.

பழைய கட்டடங்களைப் பழுதுபார்த்துப் பாதுகாப்பது என் தொழில். பல ஆண்டுகளாகக் கல்லையும் காரையையும் பார்த்து வருகிறேன். அதனால் கட்டடம் தொடர்பான செய்திகளில் எனக்கு ஓரளவு உறுதி உண்டு. அயர்லாந்தின் இடைக்கால வரலாறு என் சொந்தத் துறை அன்று. அதில் ஆய்வாளர்கள் ஒப்புக்கொண்ட அளவோடு நின்றுகொள்கிறேன். எது ஆவணத்தால் உறுதியானது, எது குடும்பக் கதையாகவும் விடுதியின் கையேட்டுச் செய்தியாகவும் வந்தது என்பதை அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

முதலில் 1228ஐ எடுத்துக்கொள்வோம். டி பர்கோ என்ற ஆங்கிலோ-நார்மன் குடும்பம் அந்த ஆண்டில் இங்கே கோட்டை கட்டியது என்பது வழிவழியாக வரும் செய்தி. பின்னணி உறுதியானது. 1227இல் இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஹென்றி, ரிச்சர்டு டி பர்கோவுக்குக் கொனாக்ட் என்ற மேற்கு அயர்லாந்துப் பகுதியை மானியமாக எழுதிக்கொடுத்தார். ஆனால் அப்போது அந்த நிலத்தை ஆண்டவர்கள் ஓ'கானர் மரபின் ஐரிஷ் அரசர்கள். எழுதிக்கொடுத்ததாலேயே நிலம் கைக்கு வந்துவிடவில்லை. பெரும்படையோடு சென்று கொனாக்டை அடக்கியது 1235இல்தான். அதற்குப் பிறகு, 1230களின் பிற்பாதியில், ஆஷ்ஃபோர்டை ஒட்டிய காங் கிராமம் அடங்கிய வட்டாரத்திலும் அதன் அண்டைப் பகுதிகளிலும் நார்மன் பிரபுக்கள் கோட்டைகளை எழுப்பினார்கள் என்று ஐரிஷ் ஆண்டுக்குறிப்புகள் சொல்கின்றன. ஆகவே 1228இல் இங்கே முதற்கல் வைத்திருக்க முடியாது என்று சொல்ல மாட்டேன். மானியம் கிடைத்த சூட்டில் ஓர் அரண் எழுந்திருக்கலாம். ஆனால் நிலையான கற்கோட்டைக்கு ஏற்ற சூழல் அடுத்த பத்தாண்டில்தான் அமைந்தது என்பது என் கணிப்பு. பத்து ஆண்டு வித்தியாசம் விருந்தினருக்குப் பொருட்டல்ல. 'நிறுவப்பட்ட ஆண்டு' என்று எங்கேனும் துல்லியமாகப் போட்டிருந்தால் அதன் பின்னால் என்ன ஆதாரம் இருக்கிறது என்று கேட்கும் பழக்கம் நல்லது என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதில் ஐயமே இல்லை. வடக்கே மாஸ்க் ஏரி, தெற்கே கொரிப் ஏரி. இரண்டுக்கும் இடையில் ஒரு குறுகலான நிலப்பாலம். அதைக் காவல் காத்தால் கிழக்கிலிருந்து கொனமாரா மலைப்பகுதிக்குப் போகும் வழியும் ஏரிவழிப் படகுப் போக்குவரத்தும் கையில் இருக்கும். நார்மன்கள் வருவதற்கு முன்பே காங் சிறப்புப் பெற்ற ஊர். அயர்லாந்தின் கடைசி உயர் அரசரான ரோரி ஓ'கானர் 1198இல் இறந்தது இங்கிருந்த அகஸ்தீனிய மடத்தில்தான். அந்த மடத்தின் இடிபாடுகள் ஹோட்டலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இன்றும் இருக்கின்றன. நேரம் ஒதுக்கிப் பார்க்கத் தகுந்தவை.

அடுத்த மூன்றரை நூற்றாண்டுகளைப் பற்றிக் கட்டட நோக்கில் சொல்வதற்கு அதிகம் இல்லை. டி பர்கோக்கள் மெல்ல மெல்ல ஐரிஷ்காரர்களாகவே மாறி, பர்க் என்று அழைக்கப்பட்டார்கள். 1589இல் கொனாக்டின் ஆங்கில ஆளுநர் சர் ரிச்சர்டு பிங்ஹாமுக்கும் அவர்களுக்கும் நடந்த மோதலுக்குப் பின் கோட்டை பிங்ஹாம் கைக்குப் போனது என்றும், அவர் அங்கே அரணிட்ட வளாகம் ஒன்றைச் சேர்த்தார் என்றும் சொல்கிறார்கள். பிங்ஹாமும் பர்க்குகளும் அந்த ஆண்டுகளில் கடுமையாக மோதியது வரலாறு. வளாகத்தைப் பற்றிய பகுதி விடுதியின் மரபுக் கதையோடு வருவது. 1670களில் டொமினிக் பிரவுன் என்பவருக்கு அரசு மானியமாக எஸ்டேட் கிடைத்தது. 1715 வாக்கில் பிரவுன் குடும்பத்தார் பிரெஞ்சு நாட்டு மாளிகைகளின் பாணியில் ஒரு வேட்டை இல்லம் கட்டினார்கள். இன்று கூரை மீது தெரியும் இரட்டைத் தலைக் கழுகுகள் அவர்களுடைய குலச்சின்னம். ஆக, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிருந்தது பழைய அரணின் எச்சங்களும் அவற்றோடு சேர்ந்த ஒரு பண்ணைப் பிரபுவின் வீடும்தான். அன்றைக்குப் படம் எடுத்து விளம்பரம் போட்டிருந்தால், கோட்டை என்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

கட்டடத்தின் தலையெழுத்தை மாற்றியது உருளைக்கிழங்குப் பஞ்சம். 1845இல் தொடங்கிய அந்தப் பஞ்சத்தில் மேற்கு அயர்லாந்து மிகக் கொடுமையாக அடிபட்டது. குத்தகை கொடுக்க ஆள் இல்லை. இறந்தார்கள் அல்லது கப்பலேறினார்கள். அதே சமயம் ஏழைகளுக்கான நிவாரணச் செலவு உள்ளூர் நிலத்தின் மீதே வரியாக விழுந்தது. ஏற்கெனவே அடமானக் கடனில் மூழ்கியிருந்த நிலப்பிரபுக்கள் எழுந்திருக்க முடியாமல் போனார்கள். கடனில் சிக்கிய எஸ்டேட்டுகளை விற்றுத் தீர்ப்பதற்கென்றே 1849இல் பிரிட்டிஷ் அரசு தனி நீதிமன்றம் ஒன்றை அமைத்தது. பிரவுன் குடும்பத்தின் தலைவரான ஓரன்மோர் பிரபுவின் சொத்தும் அந்த வழியில் விற்பனைக்கு வந்தது. 1852இல் அதை வாங்கியவர் டப்ளினின் பீர்த் தொழிலதிபர் பெஞ்சமின் லீ கின்னஸ். 1759இல் செயின்ட் ஜேம்ஸஸ் கேட் மதுவடிப்பு ஆலையைத் தொடங்கிய ஆர்தர் கின்னஸின் பேரன் அவர். முந்தைய ஆண்டுதான் டப்ளின் மேயராக இருந்தார். ஊர் பட்டினி கிடந்து காலியான பிறகு அந்த ஊரின் நிலம் நகரத்துப் பணக்காரர் கைக்குப் போனது என்பதைக் கையேடுகள் ஒரே வரியில் தாண்டிவிடும். அங்கே போகும்போது அதை நினைவில் வைத்திருப்பது நல்லது. காங் கிராமத்தின் அருகே ஒரு வறண்ட கால்வாய் தெரியும். இரண்டு ஏரிகளையும் இணைக்க 1848 முதல் 1854 வரை பஞ்ச நிவாரண வேலையாகத் தோண்டியது அது. சுண்ணாம்புப் பாறைத் தரையில் தண்ணீர் நிலத்தடிக்குள் இறங்கிவிடுவதால் ஆண்டின் பெரும்பகுதி அதில் நீர் நிற்பதில்லை. பொறியாளர்களின் முட்டாள்தனம் என்று வழிகாட்டிகள் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். படகுப் போக்குவரத்துத் திட்டத்தை அரசே செலவைப் பார்த்துப் பாதியில் நிறுத்தியது என்பது அந்தக் கதையில் விடுபடும் பகுதி.

பெஞ்சமின் கின்னஸ் விக்டோரியா காலப் பாணியில் மாளிகையை விரிவாக்கினார். நிலத்தை வாங்கி வாங்கி 26,000 ஏக்கருக்குக் கொண்டுபோனார். சாலைகள் போட்டார், ஆயிரக்கணக்கில் மரம் நட்டார். டப்ளினின் செயின்ட் பேட்ரிக் பேராலயத்தைத் தம் சொந்தப் பணத்தில் புதுப்பித்தவரும் அவர்தான். 1868இல் அவர் இறந்தபின் மூத்த மகன் ஆர்தர் எட்வர்டு கின்னஸ் எஸ்டேட்டுக்கு வந்தார். பீர் ஆலையில் தமக்கிருந்த பங்கை 1876இல் தம்பி எட்வர்டு செசிலுக்கு விற்றுவிட்டு, தோட்டத்திலும் கட்டடத்திலும் பொது வாழ்விலும் இறங்கினார். 1880இல் ஆர்டிலான் பிரபு என்ற பட்டம் பெற்றார். கொரிப் ஏரியில் உள்ள ஒரு தீவின் பெயர் அது. டப்ளின் நடுவே இன்று எல்லோரும் உலவும் செயின்ட் ஸ்டீஃபன்ஸ் கிரீன் பூங்காவைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட வழிசெய்தவரும் இவரே. நீங்கள் படத்தில் பார்க்கும் ஆஷ்ஃபோர்டு கோட்டை பெரும்பாலும் இவருடைய ஆக்கம். கட்டடக் கலைஞர்கள் இருவர்: ஜேம்ஸ் ஃபிராங்க்ளின் ஃபுல்லர், ஜார்ஜ் ஆஷ்லின். கொனமாராவின் புகழ்பெற்ற கைல்மோர் மாளிகையும் ஃபுல்லர் கைபட்டதுதான் என்பதால், இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரே கையெழுத்து தெரியும்.

ஒரு கட்டடம் போருக்காகக் கட்டியதா, பார்வைக்காகக் கட்டியதா என்பதைக் கண்டுபிடிக்கத் தொல்லியல் பட்டம் தேவையில்லை. சன்னல்களைப் பாருங்கள். அம்புக்கும் துப்பாக்கிக்கும் பயந்தவன் கீழ்த்தளத்தில் ஆளுயரச் சன்னல் வைக்க மாட்டான். ஆஷ்ஃபோர்டிலோ ஏரியைப் பார்த்த பக்கம் முழுவதும் வரவேற்பறைகளின் பெரிய சன்னல்கள். அடுத்து, மதிலின் மேல் விளிம்பில் பல் பல்லாக இருக்கும் ஞாயில்களைப் பாருங்கள். வீரன் ஒருவன் பின்னால் நின்று ஒளிந்துகொள்ளும் உயரமும் அவன் நடப்பதற்கு அகலமான பாதையும் இருந்தால் அது போர்க்கோட்டை. விக்டோரியா காலத்து ஞாயிலுக்குப் பின்னால் பெரும்பாலும் மழைநீர்க் கால்வாயும் ஈயத் தகடும்தான் இருக்கும். மூன்றாவதாக, வாசல். நிஜக் கோட்டையின் வாசல் குறுகலாக, எதிரியை வளைத்துத் திருப்பி மூச்சு வாங்க வைப்பதாக இருக்கும். ஆஷ்ஃபோர்டின் ஞாயிலிட்ட பாலமும் கோபுர வாசலும் குதிரை வண்டி நேராக வந்து நிற்பதற்கும், வருபவருக்கு முதல் பார்வையிலேயே பிரமிப்பூட்டுவதற்கும் திட்டமிட்டவை. இதையெல்லாம் போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது. பழைய பிரபுக்களுக்குச் சமமாகத் தங்களையும் காட்டிக்கொள்ள விரும்பிய புதுப் பணக்காரர்கள் ஐரோப்பா முழுவதும் இப்படித்தான் கட்டினார்கள். அந்த ஆசையும் ஒரு வரலாறுதான். வேலையும் உயர்தரமானது. அந்த வட்டாரத்துச் சாம்பல்நிறச் சுண்ணாம்புக்கல்லை இவ்வளவு நுட்பமாகச் செதுக்கி அடுக்கிய கொத்தர்களின் கைத்திறனைப் பார்த்தால், தொழிலில் இருக்கும் யாருக்கும் பொறாமை வரும்.

ஆர்டிலான் பிரபுவைத் தோட்டக்கலை ஆர்வலராக மட்டும் சித்திரிப்பது வழக்கம். அவர் கட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் சுற்றுவட்டாரம் கொதித்துக்கொண்டிருந்தது. 1880இல் குடியானவர்கள் ஒன்றுசேர்ந்து, ஒரு நிலப்பிரபுவின் முகவரான கேப்டன் பாய்காட்டைப் புறக்கணித்தது பக்கத்து மாஸ்க் ஏரிக்கரையில்தான். 1882 ஜனவரியில், ஆர்டிலான் எஸ்டேட்டுக்காகக் குத்தகைதாரர்களிடம் நோட்டீஸ் கொடுக்கப் போன ஒரு முதியவரும் அவருடைய பேரனும் கொல்லப்பட்டார்கள். உடல்கள் மூட்டையாகக் கட்டி அந்த ஏரியில் போடப்பட்டிருந்தன. ஏரிக்கரையில் ஞாயிலும் கோபுரமுமாக எழுந்த மாளிகையை அந்தக் குடிசைகளிலிருந்து பார்த்தவர்களுக்கு அது வெறும் அலங்காரமாகத் தெரிந்திருக்காது. அதன்பின் வந்த நிலச் சட்டங்கள், குறிப்பாக 1903ஆம் ஆண்டுச் சட்டம், குத்தகைதாரர்கள் அரசுக் கடனில் நிலத்தைத் தாங்களே வாங்கிக்கொள்ள வழி செய்தன. சமூக நோக்கில் பெரிய வெற்றி அது. ஆனால் இத்தகைய மாளிகைகளின் கணக்குப் புத்தகத்தில் அதற்கு ஒரே பொருள்தான்: வீட்டைத் தாங்கிக்கொண்டிருந்த குத்தகை வருமானம் நின்றுபோகும், வீடு மட்டும் மிஞ்சும். பிற்காலத்தில் ஐந்தாம் ஜார்ஜ் அரசரான இளவரசர் 1905இல் இங்கே வந்து தங்கி வேட்டையாடினார். ஹோட்டலின் பெரிய உணவுக்கூடத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். இளவரசர் வந்தபோதே அடித்தளம் ஆட்டங்கண்டிருந்தது என்பது என் கருத்து.

1915இல் ஆர்டிலான் பிரபு வாரிசில்லாமல் இறந்தார். பட்டமும் அவரோடு முடிந்தது. எஸ்டேட் குடும்பத்தின் பொறுப்பில் இருந்து, தம்பி எட்வர்டு செசிலின் மகன் எர்னஸ்ட் கின்னஸ் கைக்கு வந்தது. விடுதலைப் போரும் உள்நாட்டுப் போரும் நடந்த 1920 முதல் 1923 வரையான காலத்தில் அயர்லாந்தில் இருநூற்றுக்கு மேற்பட்ட நிலப்பிரபு மாளிகைகள் எரிக்கப்பட்டன. காங் அடங்கிய மேயோ மாவட்டத்திலேயே, காங்கிலிருந்து அதிகத் தொலைவில்லாத மூர் ஹால் 1923 பிப்ரவரி முதல் நாளில் எரிந்தது. அதன் வெற்றுச் சுவர்கள் இன்னமும் நிற்கின்றன. ஆர்டிலான் பிரபுவின் மனைவி ஒலிவ் சீமாட்டிக்குக் கார்க் மாவட்டத்தில் மக்ரூம் என்ற இடத்தில் பிறந்த வீட்டு வழியில் ஒரு கோட்டை உண்டு. அது 1922இல் எரிந்தது. 1924இல் அதன் நிலத்தை அவர் ஊர்க்காரர்களுக்கே விற்றுவிட்டார். ஒரே அம்மையாரின் வாழ்வோடு தொடர்புடைய இரண்டு கோட்டைகளில் ஒன்று சாம்பலாகி ஊர்ப்பொதுவாயிற்று, மற்றொன்று தப்பியது.

தீயிலிருந்து தப்பிய மாளிகைகளுக்கும் விடிவு இருக்கவில்லை என்பதுதான் பலர் அறியாத பகுதி. அயர்லாந்தின் ஈரக் காற்றில், கணப்பு மூட்டாமல் பூட்டிவைத்த கல்வீடு சில ஆண்டுகளிலேயே கெடத் தொடங்கும். கூரையின் ஈயத் தகட்டில் ஒரு விரிசல் விட்டால் போதும்; நீர் உத்தரத்தின் முனையில் இறங்கி, மரத்தை உளுக்கவைத்து, ஒரு நாள் தளத்தையே கீழே தள்ளிவிடும். இதற்கு மேல் உள்ளூர் வரி வேறு. கூரை இருக்கும் கட்டடத்துக்குத்தான் வரி என்பதால், வரியைத் தவிர்க்க உரிமையாளர்களே கூரையைப் பிரித்து விற்ற வீடுகள் அந்த நாட்டில் பல உண்டு. ஆகவே 1930களில் ஒரு பெரிய மாளிகைக்கு முன்னால் இருந்த வழிகள் மிகச் சில: துறவு மடமாகவோ பள்ளியாகவோ மாறுவது, இடிந்துபோவது, அல்லது ஹோட்டல் ஆவது. கைல்மோர் 1920இல் பெனடிக்டின் கன்னியர் மடம் ஆனது. ஆஷ்ஃபோர்டு மூன்றாவது வழியில் போனது.

1939இல் அதை எடுத்து ஹோட்டலாகத் திறந்தவர் நோயல் ஹக்கார்டு. கெர்ரி மாவட்டத்தில் ஏற்கெனவே ஹோட்டல் நடத்திவந்த குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். ஐரோப்பாவில் போர் மூண்ட ஆண்டு. ஹோட்டல் தொடங்க இதைவிட மோசமான வேளை கிடையாது என்றுதான் தோன்றும். ஆனால் அவர் விற்றது அறையை மட்டும் அல்ல. கொரிப் ஏரியின் மீன்பிடிப்பும் காட்டு வேட்டையும் ஆர்டிலான் காலத்திலேயே பெயர் பெற்றவை. பிரபுவின் விருந்தாளிகள் இலவசமாக அனுபவித்ததைப் பணம் கொடுப்பவர்களுக்கு அவர் திறந்துவிட்டார். நான் பார்த்தவரையில், பிழைத்துக்கொண்ட எல்லாக் கோட்டை ஹோட்டல்களிலும் இந்தச் சூத்திரம் இருக்கிறது. கட்டடத்தை மட்டும் நம்பியவை நொடித்துப்போயின. கட்டடத்தைச் சுற்றியிருந்த வாழ்க்கை முறையைப் பிரித்து விற்கத் தெரிந்தவை நிலைத்தன. 1951இல் அமெரிக்கத் திரைப்பட இயக்குநர் ஜான் ஃபோர்டு, 'தி குவயட் மேன்' படத்துக்காக ஜான் வேய்னையும் மோரீன் ஓ'ஹாராவையும் அழைத்துக்கொண்டு காங்குக்கு வந்தார். படக்குழுவினர் தங்கியது ஆஷ்ஃபோர்டில். அந்தப் படம் அமெரிக்காவில் குடியேறியிருந்த ஐரிஷ் வழியினரிடையே இந்த ஊரைப் பற்றி உண்டாக்கிய மோகம் இன்றும் ஓயவில்லை. அடுத்த கட்டத்துக்கான பணம் அமெரிக்காவிலிருந்து வந்ததில் வியப்பில்லை.

1970இல் ஹோட்டலை வாங்கிய ஜான் மல்காஹி, அயர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் தொழிலதிபரானவர். கட்டடத்தை முழுமையாகப் புதுப்பித்து, புதிய சிறகு ஒன்றைச் சேர்த்து, ஹோட்டலின் அளவை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கினார். ஒன்பது குழி கோல்ஃப் மைதானமும் போட்டார். ஆகவே நீங்கள் தங்கும் அறை ஆர்டிலான் பிரபுவின் காலத்தை விட இந்த 1970களின் காலத்ததாக இருக்கும் வாய்ப்புக் குறைவல்ல. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் சட்டென்று தெரியாதபடி அதே கல்லமைப்பில் இசைவாகக் கட்டியிருக்கிறார்கள். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் துறையில் இருப்பவர்களுக்கு இதில் கொள்கை வேறுபாடு உண்டு: புதிதாகச் சேர்ப்பது புதிதாகவே தெரிய வேண்டும் என்பது ஒரு கட்சி, முழுமையின் அழகு கெடக்கூடாது என்பது இன்னொரு கட்சி. இந்த ஒரு கட்டடத்தில் நான் இரண்டாவது கட்சி. ஏனெனில் ஃபுல்லரும் ஆஷ்லினும் செய்ததும் அதுவேதான். அவர்களும் பழையதன் சாயலில் புதியதைக் கட்டியவர்கள்.

ஹோட்டல் ஆக்குவது பழைய கட்டடத்துக்குச் செலவில்லாத வரம் என்று எண்ண வேண்டாம். பிரபுவின் மாளிகையில் நாற்பது பேருக்கு இரண்டு குளியலறை போதும். ஹோட்டலில் அறைக்கு ஒன்று வேண்டும். அத்தனைக் குழாய்களும் கனத்த கற்சுவரையும் பழைய மரத்தளத்தையும் துளைத்துக்கொண்டு போகின்றன. எங்கள் தொழிலில் நெருப்பைவிட அதிகமாக நாங்கள் பயப்படுவது, மேல்மாடிக் குளியலறையில் யார் கண்ணிலும் படாமல் கசிந்துகொண்டிருக்கும் ஒரு குழாய் இணைப்பைத்தான். இதோடு தீத்தடுப்புக் கதவுகள், அவசரப் படிக்கட்டு, மின்தூக்கி, சமையற்கூடப் புகைபோக்கி. இவை ஒவ்வொன்றும் பழைய அமைப்பில் எதையேனும் வெட்டித்தான் உள்ளே வரும். ஆனாலும் ஆண்டு முழுவதும் கணப்பு எரிகிறது, கூரையைப் பார்க்க ஆள் இருக்கிறது, கசிந்தால் அன்றைக்கே ஏணி வருகிறது. காலியாகக் கிடக்கும் கட்டடத்துக்கு இந்த மூன்றும் கிடைக்காது. அந்தக் கணக்கில் நான் ஹோட்டல் பக்கமே நிற்பேன்.

பிற்கால உரிமை மாற்றங்கள் வணிகச் செய்திகள். ஆவணங்கள் தெளிவாக உள்ளன. 1984இல் அமெரிக்க அதிபர் ரொனால்டு ரீகன் இங்கே தங்கினார். மறு ஆண்டு அமெரிக்க ஐரிஷ் முதலீட்டாளர் குழு ஒன்று ஹோட்டலை வாங்கியது. அயர்லாந்தின் நிலவிலை உச்சத்தில் இருந்த 2007இல், உள்நாட்டு நில வணிகர் ஒருவர் சுமார் 5 கோடி யூரோவுக்கு வாங்கினார். மறு ஆண்டே வங்கிகள் சரிந்தன. 2011இல் ஹோட்டல் கடன்கொடுத்தவர்களின் சார்பில் நிர்வாகிகளின் பொறுப்புக்குப் போனது. ஆனாலும் கதவை மூடவில்லை. மூடியிருந்தால் மேலே சொன்ன ஈரத்தின் வேலை தொடங்கியிருக்கும். 2013இல் ரெட் கார்னேஷன் ஹோட்டல் நிறுவனம் சுமார் 2 கோடி யூரோவுக்கு வாங்கி, வாங்கிய விலையைவிடப் பெரிய தொகையைச் செலவிட்டுக் கூரை, சன்னல், கல்வேலை எல்லாவற்றையும் சீர்செய்து 2015இல் பணியை முடித்தது. படங்களில் எல்லாம் புதிதாகத் தெரிகிறதே என்ற உங்கள் ஐயத்துக்கு நேரடி விடை இதுதான்: கல் பழையது, கல்லுக்கு இடையிலான காரையும் சன்னல்களும் கூரைத் தகடுகளும் அண்மையில் புதுப்பித்தவை. இன்றைக்கு 83 அறைகள். கின்னஸ் காலத்து 26,000 ஏக்கரில் ஹோட்டலோடு எஞ்சியிருப்பது சுமார் 350 ஏக்கர்.

ஒரு சுவையான செய்தி. பஞ்சக் கடனில் ஆஷ்ஃபோர்டை விற்ற ஓரன்மோர் குடும்பமும் வாங்கிய கின்னஸ் குடும்பமும் 1936இல் சம்பந்திகளானார்கள். நான்காவது ஓரன்மோர் பிரபு, எர்னஸ்ட் கின்னஸின் மகள் ஊனாவை மணந்தார். மூன்று ஆண்டுகளில் மாளிகை இரு குடும்பங்களின் கையையும் விட்டுப் போய்விட்டது.

பயணத்துக்கான யோசனையோடு முடிக்கிறேன். முன்பதிவு செய்யும்போதே உங்கள் அறை கட்டடத்தின் எந்தப் பகுதியில், எந்தக் காலத்துச் சிறகில் வருகிறது என்று எழுதிக் கேளுங்கள். பழைய பகுதியில் வேண்டும் என்றால் தெளிவாகக் குறிப்பிடுங்கள். ஆர்டிலான் காலத்து வேலையைப் பார்க்க வரவேற்பறைகளின் மரச் செதுக்கலுக்கும் கணப்புக்கும் முன்னால் சற்று நேரம் செலவிடுங்கள். டி பர்கோ காலத்து உணர்வுதான் உங்களுக்கு வேண்டும் என்றால், கொரிப் ஏரியின் எதிர்க்கரையில் ஊட்டெரார்டு அருகே இருக்கும் ஆக்னனூர் கோட்டைக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். ஓ'ஃபிளாஹர்ட்டி குலத்தார் கி.பி. 1500 வாக்கில் கட்டிய ஆறு அடுக்குக் கோபுரக் கோட்டை அது. அரசின் பராமரிப்பில் இருக்கிறது. குறுகலான சுழற்படி, கையகலச் சன்னல், வாசலுக்கு நேர் மேலே எதிரியைத் தாக்கத் துளை என்று நான் மேலே சொன்ன அடையாளங்கள் அத்தனையும் அங்கே உண்டு. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், போகும் மாதத்தைப் பார்த்துத் திட்டமிடுங்கள்.